ஐந்து மாதப் பொறுமை

(கோம்பையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2025 ஆகஸ்ட் 9ஆம் தேதி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13ஆம் பதிப்பு வெளியானது. டிரிக்ஸி என்று அதற்குப் பெயர். அதற்குள் இருந்த பேக்கேஜ்கள் 69,830. எழுத்துரு, உலாவி, படம் திருத்தும் கருவி, வங்கிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சர்வர்களை ஓட்டும் நிரல்கள் என எல்லாம் அதில் அடக்கம். இத்தனையையும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே அமைப்பாகக் கோத்துக் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். பகலில் பிழைப்புக்கான வேலை, இரவில் இந்த வேலை என்று செய்தவர்கள். 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கி வைத்த திட்டம், முதலாளி இல்லாமல், பங்குதாரர் இல்லாமல், 30 ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. அந்த வெளியீட்டுக்கு முன்னால் ஏறக்குறைய ஐந்து மாதம் அவர்கள் புதியவற்றுக்குப் படிப்படியாகக் கதவை மூடிவிட்டுப் பொறுத்திருந்தார்கள். அந்தப் பொறுமையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

மலையடிவாரத்துக் கோம்பைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். 2011இல் தமிழக அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற லினக்ஸையும் அதில் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய அந்த பாஸ், டெபியன் மேல் கட்டியது. குமுளி மலை ஏறி அந்தப் பக்கம் போனால், கேரளப் பள்ளிகளில் ‘கைட்’ லினக்ஸ் ஓடுகிறது. அது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் மேல் கட்டியது. உபுண்டு டெபியன் மேல் கட்டியது. ஆக, ஜெர்மனியிலோ பிரேசிலிலோ ஒரு தன்னார்வலர் டெபியனில் ஒரு வரியைச் சரிசெய்தால், அது மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற பிள்ளைகளின் கணினிக்கு வந்து சேர்கிறது. அவர் தவறு செய்தாலும் அப்படியே வந்து சேரும். அதனால் இது நம் வீட்டு விஷயம்.

முதலில் பேக்கேஜ் என்பதைப் பார்த்துவிடுவோம். ஒரு மென்பொருளை எழுதுகிறவர் ஒருவர். அதை நம் கணினியில் ஒரே கட்டளையில் நிறுவும்படி பேக்கேஜாகக் கட்டிக் கொடுக்கிறவர் பெரும்பாலும் வேறொருவர். அந்த இரண்டாமவரைத்தான் மெயின்டெய்னர் என்கிறோம். எழுதியவர் புதிய பதிப்பை வெளியிட்டதும் மெயின்டெய்னரின் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பார்க்க வேண்டும். கட்டற்ற உரிமம் இல்லாத ஒரு படம் உள்ளே புகுந்திருந்தாலும் எடுத்துவிட வேண்டும். எந்தெந்த நிரலகங்களைச் சார்ந்திருக்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும் என்று எழுத வேண்டும். நாம் பயன்படுத்தும் இன்டெல் கணினியில் மட்டும் ஓடினால் போதாது. ஏஆர்எம், ரிஸ்க்-ஃபைவ் போன்ற மற்ற வகைகளிலும் கட்டிப் பார்த்துத் தேற வேண்டும். பயனர் யாராவது சொன்ன பழுது இந்தப் பதிப்பில் தீர்ந்திருந்தால், அந்தப் பழுதின் எண்ணை மாற்றக் குறிப்பில் போட்டு முடித்து வைக்க வேண்டும். பிறகு பதிவேற்ற வேண்டும்.

பதிவேற்றியது நேராக மக்களிடம் போகாது. முதலில் ‘அன்ஸ்டேபிள்’ என்ற கிளைக்குப் போகும். வழக்கமாக ஐந்து நாள் அங்கே கிடந்து, பெரிய பழுது எதுவும் தலைகாட்டாவிட்டால் ‘டெஸ்டிங்’ கிளைக்கு இறங்கும். அந்த டெஸ்டிங்தான் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ‘ஸ்டேபிள்’ என்ற பெயரோடு வெளியாகிறது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் போவது அந்த ஸ்டேபிள்.

இந்த வேலைக்குக் கைதட்டல் கிடையாது. எல்லாம் ஒழுங்காக ஓடும் வரை மெயின்டெய்னர் என்று ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஓடாத நாளில் மட்டும் அவரைத் தேடுவார்கள்.

டெபியனுக்கு என்று ஓர் அரசியலமைப்பே உண்டு. 1998இல் அதை ஏற்றுக்கொண்டார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த விதி, இந்தத் திட்டத்துக்காக வேலை செய்தே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது. விருப்பமில்லாதவர் ஒதுங்கிக்கொள்ளலாம், ஆனால் விதிப்படி எடுத்த முடிவுக்குக் குறுக்கே நிற்கக்கூடாது. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை ஒரு கட்டத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது? சம்பளத்தைப் பிடிக்க முடியாது. மெமோ கொடுக்க முடியாது. ‘திங்கட்கிழமைக்குள் முடித்துக் கொடு’ என்று யாரும் யாரிடமும் சொல்ல முடியாது.

அந்தச் சிக்கலில் அவர்கள் நன்றாகவே அடிபட்டார்கள். 2002 ஜூலையில் டெபியன் 3.0 வந்தது. அடுத்தது 3.1. அது வெளிவர 2005 ஜூன் ஆனது. ஏறக்குறைய மூன்று ஆண்டு. ஒரு பக்கம் பழுதைத் தீர்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் புதிய பதிப்புகள் உள்ளே வந்து புதிய பழுதுகளைக் கொண்டுவந்தால், தயாராகும் நாள் என்று ஒன்று வரவே வராது. அந்த இடைவெளியில்தான் 2004 அக்டோபரில் உபுண்டு, ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற உறுதியோடு வந்து பலரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 2009 ஜூலையில் டெபியன் ஒரு முடிவுக்கு வந்தது: இனிமேல் ஃப்ரீஸுக்கு, அதாவது புதியவற்றுக்குக் கதவை மூடுவதற்கு, முன்கூட்டியே தேதி குறிப்போம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். தேதி குறித்தது ஃப்ரீஸுக்கு, வெளியீட்டுக்கு இல்லை. எந்த நாளில் புதியவற்றுக்குக் கதவை மூடுகிறோம் என்பது பல மாதம் முன்பே எல்லாருக்கும் தெரியும். எந்த நாளில் வெளியிடுகிறோம் என்பது, மிச்சமிருக்கும் பழுதுகளைப் பார்த்த பிறகுதான் தெரியும். என் கணிப்பில், தன்னார்வலர்களை வைத்து நடக்கும் எந்தக் கூட்டு வேலைக்கும் இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது. ஒருவருடைய வேகத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது. கதவு எப்போது மூடும் என்பதைச் சொல்லிவிட்டால், அவரவர் வசதிக்கு ஏற்பத் திட்டமிட்டுக்கொள்வார்கள். வர முடியாதவர் அடுத்த வெளியீட்டுக்கு வரலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

டிரிக்ஸியின் கதவு நான்கு கட்டமாக மூடியது. 2025 மார்ச் 15இல் முதல் கட்டம். நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை ஒரே நேரத்தில் அசைக்கும் பெரிய நிரலக மாற்றங்களும், நிரல்களைக் கட்டும் கம்பைலர் போன்ற கருவிகளின் மாற்றங்களும் அன்றோடு நின்றன. ஏப்ரல் 15இல் இரண்டாவது. அதன் பிறகு டெஸ்டிங்குக்குள் புதிய பேக்கேஜ் கிடையாது. பழுதால் வெளியேற்றப்பட்டது திரும்பி வரவும் முடியாது. மே 17இல் மூன்றாவது. முக்கியமான பேக்கேஜ்களும், தானியங்கிச் சோதனை இல்லாத பேக்கேஜ்களும் வெளியீட்டு அணியின் அனுமதி இல்லாமல் நகரக்கூடாது. ஜூலை 27இல் கடைசிக் கட்டம். அதன் பிறகு எதுவாக இருந்தாலும் அனுமதி வேண்டும். ஆகஸ்ட் 9இல் வெளியீடு.

அந்த அனுமதி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். மெயின்டெய்னர் வெளியீட்டு அணிக்கு ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். என்ன பழுது, யாரைப் பாதிக்கிறது, திருத்தம் என்ன, எப்படிச் சோதித்தேன், திருத்தத்தால் வேறு எதுவும் கெட வாய்ப்பு உண்டா என்று சொல்ல வேண்டும். கூடவே, பழைய பேக்கேஜுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தை இணைக்க வேண்டும். எடுத்த வரிக்கு முன்னால் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன்னால் கூட்டல் குறி. அணியில் ஒருவர் அதை உட்கார்ந்து படிப்பார். அவரும் தன்னார்வலர்தான், அவருக்கு முன்னால் இப்படிப்பட்ட விண்ணப்பங்கள் வரிசையாகக் காத்திருக்கும். நாலு வரி மாற்றம் என்றால் படித்துவிட்டுச் சரி என்பார். நாலாயிரம் வரி என்றால், ‘அந்தப் பழுதுக்கான திருத்தத்தை மட்டும் பிரித்துக் கொடுங்கள்’ என்று திருப்பி அனுப்புவார். ‘புதிய பதிப்பு ரொம்ப நன்றாக இருக்கிறது’ என்ற வாதம் அங்கே எடுபடாது. நன்றாக இருப்பது அடுத்த வெளியீட்டிலும் நன்றாகத்தான் இருக்கும்.

நாலு வரி என்றால் ஆபத்து இல்லையா என்று கேட்கலாம். உண்டு. டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் 2006இல், ஒரு சோதனைக் கருவி கொடுத்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காக இரண்டே வரிகளை எடுத்தார்கள். தற்போக்கு எண்களை உருவாக்கும் இடம் அது. அதன் விளைவாக, கணிக்கவே முடியாதபடி இருக்க வேண்டிய ரகசியச் சாவிகள், ஒவ்வொரு வகையிலும் அளவிலும் வெறும் 32,768க்குள் அடங்கிவிட்டன. 2008 மே மாதம்தான் அது கண்டுபிடிக்கப்பட்டு வெளியே சொல்லப்பட்டது. உலகமெங்கும் சர்வர்களில் சாவிகளை மாற்ற வேண்டியதாயிற்று. ஆகவே சின்ன மாற்றத்தைக்கூட இரண்டாவது ஒருவர் படித்தே ஆக வேண்டும் என்பது ஏட்டுப் படிப்பு இல்லை. அவர்கள் விலை கொடுத்துக் கற்றது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரையும் பதினெட்டாம் கால்வாயையும் நம்பியிருக்கும் ஊர்க்காரர்களுக்கு, ஃப்ரீஸ் எதற்கு என்று நான் விளக்க வேண்டியதே இல்லை. தூர் வாருவதும், கரை கட்டுவதும், மடையைச் சரிசெய்வதும் தண்ணீர் திறப்பதற்கு முன்னால். திறக்கும் நாள் தெரிந்தால்தான் அதற்கு ஆள் சேரும். திறந்த பிறகு உடைப்பு எடுத்தால் நஷ்டம் கடைமடைக்காரருக்கு. ஃப்ரீஸ் மாதங்களில் நடப்பது இந்த மராமத்துதான்.

ஃப்ரீஸைப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஐந்து மாதம் புதியது எதுவும் செய்யாமல் பழுது மட்டும் பார்ப்பது சலிப்பு. சம்பளம் வாங்குகிறவருக்கே சலிக்கும் வேலையை, சும்மா செய்கிறவர் ஏன் செய்ய வேண்டும்? இன்னொன்று, ஸ்டேபிள் வெளிவரும்போதே சில மென்பொருள்கள் பழசாகிவிடுகின்றன. ஆர்ச் லினக்ஸ் போன்ற திட்டங்கள் இப்படிக் கதவை மூடுவதே இல்லை. புதியது வர வர விட்டுக்கொண்டே இருக்கும். சொந்தக் கணினியில் நோண்டிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு அது நல்ல வழி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் ஒரே ஓர் ஆசிரியர் 20 கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிக்கூடத்தில், தேர்வுக்கு முந்தின நாள் ஒரு புதுப்பிப்பு வந்து தமிழ் விசைப்பலகை வேலை செய்யாமல் போனால் அந்த ஆசிரியர் யாரிடம் போவார்? எனக்கு அவர்தான் முக்கியம். அவருக்காகத்தான் ஃப்ரீஸ்.

2024 மார்ச்சில் நடந்ததை இங்கே கட்டாயம் சொல்ல வேண்டும்.

கோப்புகளைச் சுருக்குவதற்கு எக்ஸ்இசட் என்று ஒரு கருவி இருக்கிறது. சின்னது. எல்லா லினக்ஸிலும் இருக்கும். ஃபின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே கோலின் என்பவர் பல ஆண்டுகளாகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் சிலர் அவரை நெருக்கத் தொடங்கினார்கள்: ஏன் இவ்வளவு தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்று. தனக்கு நெடுநாளாக மனநலச் சிக்கல் இருக்கிறது, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். நெருக்கியவர்கள் நிறுத்தவில்லை. அந்தக் கணக்குகள் போலியானவை என்றுதான் இன்று பலரும் கருதுகிறார்கள். அதே நேரத்தில் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக, நல்ல திருத்தங்களாக அனுப்பிக்கொண்டே இருந்தார். மெல்ல மெல்லப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அவர் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள், சர்வரில் வெளியாள் நுழைய ஒரு கள்ளக் கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த மார்ச் கடைசியில் உபுண்டு 24.04இன் பீட்டா என்ற சோதனை வெளியீட்டுக்கான ஃப்ரீஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. டெபியனில் ஒரு கணக்கு, புதிய எக்ஸ்இசட் பதிப்பைச் சீக்கிரம் ஏற்றுங்கள் என்று கேட்டது. மார்ச் 28ஆம் தேதி ஜியா டானே உபுண்டுவிடம், இதை உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள் என்று விண்ணப்பம் போட்டார். கதவு மூடுவதற்கு முன்னால் நுழைந்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிகிறது. ஃப்ரீஸின் மதிப்பு என்ன என்பது திருடனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

மறுநாள், மார்ச் 29, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் உண்மையை வெளியே சொன்னார். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வேலை செய்பவர் அவர். தன் கணினியில் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, ஏன் என்று தோண்டிக்கொண்டே போய்க் கண்டுபிடித்தார். அவர் ஓட்டிக்கொண்டிருந்தது டெபியன் அன்ஸ்டேபிள். கள்ளக் கதவு அன்ஸ்டேபிளுக்கும் டெஸ்டிங்குக்கும் வந்துவிட்டது, ஸ்டேபிளைத் தொடவில்லை. உபுண்டு தன் பீட்டாவை ஒரு வாரம் தள்ளிவைத்து, பிப்ரவரி 26க்குப் பிறகு கட்டிய எல்லாப் பேக்கேஜ்களையும் தூக்கியெறிந்துவிட்டு மறுபடி கட்டியது. உலகத்தின் கோடிக்கணக்கான சர்வர்களைக் காப்பாற்றியது ஒரு மனிதரின் கூர்மையான கவனமும், புதியதை உடனே எல்லாருக்கும் அனுப்பாத அந்தத் தாமதமும். தாமதம் இல்லாமல் இருந்திருந்தால், அவருடைய கவனம் வேலை செய்ய நேரமே கிடைத்திருக்காது.

இந்தக் கதையில் என்னை வாட்டுவது கள்ளக் கதவு அல்ல. தனியாளாக ஒருவர் களைத்துப்போய் நின்றதும், அவரிடம் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்ததும்தான். தோள் கொடுக்க வந்த ஒரே ஆள், திருட வந்த ஆள்.

டெபியன் இதற்குச் சில வழிகளை ஏற்படுத்தி வைத்திருக்கிறது. அவை எனக்கு மனிதத்தன்மை உள்ளவையாகப் படுகின்றன. தன்னால் முடியாது என்று தோன்றினால் மெயின்டெய்னர் ‘உதவி வேண்டும்’ என்றோ ‘யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றோ பொதுவில் அறிவிக்கலாம். முற்றிலும் கைவிட்டுவிட்டதாகவும் சொல்லிவிடலாம். அதற்காக யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே காணாமல் போனவர்களை விசாரிக்க ஒரு தனிக்குழு உண்டு; ‘நலமாக இருக்கிறீர்களா, பொறுப்பை வேறொருவருக்குக் கொடுக்கலாமா’ என்று அவர்கள் எழுதுவார்கள். பராமரிப்பு இல்லாமல் கிடக்கும் பேக்கேஜை எடுத்துக்கொள்ள விரும்புகிறவர், அதை அறிவித்துவிட்டு 21 நாள் காத்திருக்க வேண்டும். பழையவர் மறுப்புச் சொல்ல அவ்வளவு அவகாசம். ஃப்ரீஸ் நெருங்கும்போது, கடுமையான பழுதோடு கவனிப்பாரற்றுக் கிடக்கும் பேக்கேஜ்களுக்குக் கெடு கொடுத்து, அது முடிந்ததும் டெஸ்டிங்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். கெடு தெரிந்ததும் எங்கிருந்தோ ஒருவர் வந்து திருத்தம் அனுப்பிக் காப்பாற்றுவதும் நடக்கும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். நம் மொழிக்கென்று டெபியனில் லோஹித், சம்யக் எழுத்துருக்கள் இருக்கின்றன. தமிழ்99 தட்டச்சு இருக்கிறது. அச்சிட்ட பக்கத்தைப் படித்து எழுத்தாக்கும் டெசராக்டின் தமிழ்த் தரவு இருக்கிறது. நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். தமிழே தெரியாத ஒருவர் தமிழ் எழுத்துருவைப் பராமரிக்க நேர்ந்தால், எழுத்து உடைந்திருப்பதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? நாம்தான் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய நேரம் ஃப்ரீஸ் காலம்.

உங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘கோம்பை’ என்று தட்டச்சு செய்யும்போது, முதல் எழுத்தில் ககரத்துக்கு இரண்டு பக்கமும் குறி விழ வேண்டும். கடைசி எழுத்தில், பிறகு அடித்த ஐகாரக் குறி பகரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். எழுத்துருவிலோ எழுத்தைக் கோக்கும் நிரலகத்திலோ பிசகு இருந்தால், குறி தனியாகப் பிரிந்து புள்ளி வட்டத்தோடு நிற்கும். லிப்ரேஆஃபிஸில் அடித்துப் பாருங்கள். பிடிஎஃப் ஆக்கி, அதிலிருந்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தேடிப் பாருங்கள். உலாவியில் பாருங்கள். நிரல் எழுதத் தெரியாத ஒருவர் செய்யக்கூடிய, செய்தே ஆக வேண்டிய சோதனை இது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஃப்ரீஸ் ஒரு வரம். க்னோம் மேசைத்தளம் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளியாகிறது. ஒவ்வொரு முறையும் வெளியீட்டுக்குச் சில வாரம் முன்னால் திரையில் வரும் சொற்களை மாற்றக்கூடாது என்று பூட்டிவிடுகிறார்கள். அதன் பிறகு ஒரு வாக்கியத்தை மாற்றவும் மொழிபெயர்ப்பு அணியின் ஒப்புதல் வேண்டும். நிரலாளர் கடைசி நாள் வரை சொற்களை மாற்றிக்கொண்டே இருந்தால், தமிழில் பாதித் திரை ஆங்கிலமாகவே நிற்கும். அந்தச் சில வாரம் நமக்காக ஒதுக்கிய நேரம். அதை வீணாக்குவது நம் குற்றம்.

இதெல்லாம் தொலைதூரத்து வேலை என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெபியன் ஆர்வலர்களின் மாநாடு நடந்தது. விழுப்புரத்து லினக்ஸ் பயனர் குழு இளைஞர்கள் முன்னின்று நடத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடே கொச்சியில் நடந்தது. நம் மலைக்கு அந்தப் பக்கம். விழுப்புரத்தால் முடிந்தது உத்தமபாளையம் தாலுகாவால் முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. இரண்டு ஆண்டு வழக்கப்படி அடுத்த டெபியன் வெளியீட்டை 2027இல் எதிர்பார்க்கலாம். ஃப்ரீஸ் அதற்குச் சில மாதம் முன்பே தொடங்கிவிடும். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மடிக்கணினி ஒன்றில், அந்தச் சமயம் டெஸ்டிங் கிளையை நிறுவுங்கள். நிறுவும் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பக்கம் தட்டச்சு செய்து, அச்சிட்டு, பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். ஏதாவது உடைந்திருந்தால் படம் எடுத்து, எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது வந்தது என்று டெபியனுக்கு எழுதி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயக்கமாக இருந்தால் பள்ளி ஆசிரியர்கள் நான்கு வரி எழுதிக் கொடுங்கள். கல்லூரி மாணவர்கள் ‘ஹௌ கேன் ஐ ஹெல்ப்’ என்ற பேக்கேஜை நிறுவிக்கொள்ளுங்கள்; உங்கள் கணினியில் இருக்கும் பேக்கேஜ்களில் எதற்கு ஆள் தேவை என்று அதுவே பட்டியல் காட்டும். அதில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த பிறகு முடியாமல் போனால், முடியவில்லை என்று சொல்லிவிட்டு ஒப்படைத்துவிடுங்கள்.